சிங்கப்பூர் எச்டிபி அடுக்குமாடி வீட்டு அடுப்படியில விஸ்கி கத்துக்க ஆரம்பிக்கிறது எப்படி

விஸ்கி காய்ச்சக் கத்துக்கணும்னு ஆசைப்படுற நம்ம ஆளுங்க எல்லாரும் முதல்ல கேக்குறது வடிக்கிற பானையப் பத்தித்தான். செம்புப் பானை எங்க கிடைக்கும், எத்தன லிட்டர் வாங்கலாம், சுருள் குழாய் எப்படிச் சுத்துறது, இப்படியே போகும். பார்லி என்ன, ஈஸ்ட் என்ன, ஊறல், அதாவது மால்ட் சாற ஈஸ்ட் போட்டுப் புளிக்க விடுறது, எத்தன நாள் வைக்கணும்னு யாரும் கேக்க மாட்டாங்க, ஆனா விஸ்கியோட ருசியில பெரும் பங்கு பானைக்கு வர்றதுக்கு முன்னாடியே ஊறல்லயே முடிவாயிடுது. பானை அதுல இருக்கறத திரட்டிக் குடுக்கும், வேணாததக் கழிக்கும், செம்பு கந்தக வாடைய எடுக்கும், ஊறல்ல இல்லாத பழ வாசத்த அதால புதுசா கொண்டுவர முடியாது.

சிங்கப்பூர்ல இருக்கறவங்களுக்கு இது ஒரு வகையில நல்லதாப் போச்சு. ஏன்னா இங்க வீட்டுல வடிக்கிற பானை வச்சு சாராயம் வடிக்கக் கூடாது, சட்டப்படி தப்பு, சின்னதா ஒரே ஒரு லிட்டர்னாலும் தப்பு, பிரஷர் குக்கர்ல குழாய் மாட்டினாலும் அதுவும் வடிக்கிறதுதான். ஆனா புளிக்க வச்சு செய்யறதுக்கு அனுமதி இருக்கு. 18 வயசு ஆகியிருக்கணும், ஒரு வீட்டுக்கு மாசம் 30 லிட்டர தாண்டக் கூடாது, சொந்தமா குடிக்கத்தான், விக்கக் கூடாது. இதுக்கு லைசென்ஸ் தேவையில்ல. ஆக விஸ்கியோட முதல் பகுதிய, அதாவது ஊறல, நீங்க தாராளமா வீட்டுல போட்டுக் கத்துக்கலாம். கடைசிப் பகுதிய, அதாவது பீப்பாய் மரத்தோட வேலைய, கடையில வாங்கின பாட்டில வச்சுக் கத்துக்கலாம். நடுவுல இருக்கிற வடிக்கிற வேலைய மட்டும் லைசென்ஸ் வச்சிருக்கறவங்ககிட்ட போய்ப் பாத்துத் தெரிஞ்சுக்கணும்.

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், வேற காரணமும் இருக்கு, அத ஒழுங்கா சொல்லணும். வீட்டுச் சாராயம்னதும் எல்லாருக்கும் கள்ளக்குறிச்சிதான் ஞாபகம் வரும், 2024 ஜூன்ல 60 பேருக்கு மேல செத்தாங்களே. 2018-ல மலேசியாவுல சிலாங்கூர்லயும் இதே மாதிரி நடந்துச்சு. ரெண்டுலயும் உயிர எடுத்தது அதுல கலந்திருந்த மெத்தனால். சுத்தமான பார்லி ஊறல்ல தானா உண்டாகுற மெத்தனால் ரொம்பக் கொஞ்சம், அது பெக்டின்கிற நார்ச் சத்துலேருந்து வர்றது, பழத்துல பெக்டின் ஜாஸ்தி, தானியத்துல கம்மி. அப்ப வீட்டுல வடிச்சா ஆபத்தே இல்லயான்னா, இருக்கு, அது தீ. கெட்டியான சாராயத்தோட ஆவி நம்ம ஊர் ரூம் சூட்டுலயே பத்திக்கும். மூடின சமையலறை, எரியுற கேஸ் அடுப்பு, ஒரு ஜாயிண்ட்ல லேசா கசிவு, அவ்வளவுதான். மேல கீழ பக்கத்துலன்னு எத்தன குடும்பம் இருக்கற புளோக்ல அந்த விளையாட்டு வேணவே வேணாம்.

இன்னொன்னு, காசு மிச்சம் பிடிக்கலாம்னு நினைச்சு இதுல இறங்காதீங்க. இங்க ஸ்பிரிட்டுக்கு வரி ஒரு லிட்டர் ஆல்கஹாலுக்கு 88 வெள்ளி, 40 சதவீதம் இருக்கற 700 மில்லி பாட்டில்ல 0.28 லிட்டர் ஆல்கஹால், அதுக்கே கிட்டத்தட்ட 25 வெள்ளி வரி, அது மேல ஜிஎஸ்டி. வலிக்கத்தான் செய்யும், ஒத்துக்கிறேன். ஆனா நம்ம இங்க செய்யப் போறது நாக்கையும் மூக்கையும் பழக்குறதுக்கு.

சரி, ஊறலுக்கு வருவோம். பத்து லிட்டர் அளவுல சொல்றேன், நம்ம வீட்டு அடுப்புக்கு அதுதான் தோது. 20 லிட்டர் எவர்சில்வர் அண்டா ஒண்ணு, லிட்டில் இந்தியா தேக்காவுல பாத்திரக் கடையில கிடைக்கும். மால்ட் போட ஒரு பெரிய மெல்லிசு துணிப் பை. ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர், சாறோட அடர்த்திய அளக்க ஒரு ஹைட்ரோமீட்டர், மூடி மேல ஏர்லாக் (உள்ள இருக்கற வாயுவ வெளிய மட்டும் விடுற அடைப்பு) மாட்டுற மாதிரி உணவுக்கு ஏத்த பிளாஸ்டிக் வாளி ரெண்டு. ஏன் ரெண்டுன்னு பின்னாடி சொல்றேன். கழுவாம விடக்கூடிய சானிடைசர் ஒரு பாட்டில், இதுல கஞ்சத்தனம் பண்ணாதீங்க, ஊறல் ஆறினப்புறம் அதைத் தொடுற எதுவா இருந்தாலும், கரண்டி, குழாய், மூடி, உங்க கை வரைக்கும், அதுல நனையணும்.

மால்ட்னா முளைகட்டிக் காயவச்ச பார்லி. ஹோம்பிரூ சாமான் விக்கிறவங்ககிட்ட பேல் மால்ட் 3 கிலோ, உடைச்சுக் குடுங்கன்னு கேட்டு வாங்குங்க. வீட்டுல மிக்சியில போட்டு அடிச்சிடாதீங்க, மாவாயிடும், உமி முழுசா இருந்தாத்தான் தண்ணி ஒழுங்கா வடியும், மாவானா பை அடைச்சுக்கிட்டு கலங்கலா வரும். கலங்கலா வந்தா என்னன்னு கேப்பீங்க, விஸ்கி காய்ச்சுற டிஸ்டில்லரியிலயே இது ஒரு முக்கியமான விஷயம், மால்ட்லேருந்து இறங்குற சாறு தெளிவா இருந்தா அதுலேருந்து பழ வாசம் தூக்கலா வரும், கலங்கின சாறு கடலை, தானிய வாசத்துக்கு இழுக்கும். புகை வாசம் புடிக்கும்னா 3 கிலோவுல 300 கிராம எடுத்துட்டு பீட் (மக்கின சதுப்பு மண்) புகை போட்ட மால்ட் சேத்துக்கலாம், ஆனா முதல் தடவை வேணாம், புகை எல்லாத்தையும் மூடிடும், அடியில என்ன நடக்குதுன்னு உங்களுக்குத் தெரியாது.

தண்ணி விஷயத்துல சிங்கப்பூர்க்காரங்க கவனிக்க வேண்டியது குளோரமின். நம்ம குழாய்த் தண்ணியில அதுதான் இருக்கு. சும்மா திறந்து வச்சா குளோரின் போயிடும், குளோரமின் போகாது, கொதிக்க வச்சாலும் லேசுல போகாது. அது ஈஸ்ட்டோடயும் மால்ட்டோடயும் சேந்தா ஆஸ்பத்திரி பிளாஸ்திரி மாதிரி ஒரு வாடை வரும், வந்துட்டா போக்க வழியே இல்ல. குளோரமின முறிக்கிற கேம்ப்டன் மாத்திரை கால் வாசி நுணுக்கி 13 லிட்டர் தண்ணியில கலக்கி அஞ்சு நிமிஷம் விட்டாப் போதும்.

அந்த 13 லிட்டர 69 டிகிரிக்கு சூடாக்குங்க. அடுப்ப அணைச்சிட்டு பைய விரிச்சு மால்ட்ட கொஞ்சம் கொஞ்சமாப் போட்டு கட்டி தட்டாம கிண்டுங்க, ரூம் சூட்டுல இருக்கற மால்ட் சேந்ததும் சூடு 65-க்கு இறங்கி நிக்கும். இந்த 65தான் உயிர் நாடி. மால்ட்டுக்குள்ள இருக்கிற என்சைம்ல ஒரு வகை 63, 64-ல நல்லா வேலை செஞ்சு மாவுச் சத்த ஈஸ்ட் சாப்பிடக்கூடிய சர்க்கரையா நறுக்கும், இன்னொரு வகை 70 பக்கம் வேலை செய்யும், ஆனா அது விடுற சர்க்கரையில ஒரு பகுதிய ஈஸ்ட் தொடாது. பீர்ல கொஞ்சம் இனிப்பும் கனமும் வேணும்னு சூட்டக் கூட்டுவாங்க. விஸ்கி ஊறலுக்கு எல்லாமே புளிச்சுடணும், அதனால கீழயே இருக்கணும். 75 தாண்டிட்டா என்சைம் செத்துடும், ஆற வச்சாலும் திரும்ப வராது. மூடி போட்டு ரெண்டு மூணு பழைய துண்ட சுத்தி ஒரு மணி நேரம் விட்டுடுங்க, நம்ம ஊர் சூட்டுக்கு ரெண்டு டிகிரிக்கு மேல இறங்காது.

ஒரு மணி நேரம் ஆனதும் மாவுச் சத்து முழுசா மாறிடுச்சான்னு பாக்க ஒரு வழி இருக்கு. வெள்ளை சாஸர்ல அரை ஸ்பூன் சாறு விட்டு, ஃபார்மசியில காயத்துக்கு விக்கிற அயோடின் ஒரு சொட்டு அது பக்கத்துல விட்டு சாஸர லேசா சாச்சுப் பாருங்க. ரெண்டும் தொட்ட இடத்துல கருநீலமா ஓடிச்சுன்னா மாவு இன்னும் பாக்கி, இன்னொரு இருபது நிமிஷம் விடணும். அயோடினோட அந்த பழுப்பு மஞ்சள் நிறம் மாறாம அப்படியே பரவிச்சுன்னா முடிஞ்சது. உமி ஒட்டியிருந்தா அது மட்டும் கருக்கும், அத கணக்குல எடுக்காதீங்க. அந்த சாஸர்ல இருக்கறத திரும்ப அண்டாவுல ஊத்தக் கூடாது, சிங்க்ல கொட்டிடுங்க. கண்ணு முன்னாடி கஞ்சி சர்க்கரையாகிறத பாக்கற மாதிரி இது, நாக்குல வச்சாலும் தெரியும், ஆரம்பத்துல மாவு ருசி, முடிவுல பல்லுல ஒட்டுற தித்திப்பு.

பைய தூக்கி வடிய விட்டுப் பிழிஞ்சா பத்தரை, பதினொரு லிட்டர் சாறு கிடைக்கும். ஆற வச்ச சாறுல ஹைட்ரோமீட்டர் போட்டா 1.055-லேருந்து 1.060 காட்டணும். நம்ம ஹைட்ரோமீட்டர் பெரும்பாலும் 20 டிகிரிக்கு அளவு வச்சது, சாறு 30 டிகிரியில இருந்தா 0.002 போல கூட்டிக்கோங்க.

இப்பத்தான் ரெண்டு வாளி கதை. பீர்காரங்க சாற கொதிக்க வைப்பாங்க, ஸ்காட்லாந்து விஸ்கிகாரங்க கொதிக்க வைக்க மாட்டாங்க. அதனால அங்க ஊறல்லயும் என்சைம் உசிரோட வேலை செஞ்சுக்கிட்டே இருக்கும், மால்ட்டோட வந்த லாக்டோபேசிலஸ் கிருமியும் மிச்சம் இருக்கும். இந்த வித்தியாசத்த நாக்குல தெரிஞ்சுக்கணும்னா சாற ரெண்டா பிரிங்க. அஞ்சு லிட்டர் அப்படியே முதல் வாளிக்கு. மிச்சத்த 15 நிமிஷம் கொதிக்க வச்சு, அதுல பீருக்குக் கசப்பு குடுக்குற ஹாப்ஸ் பூ ஒரு 5 கிராம் போட்டு ரெண்டாவது வாளிக்கு. ரெண்டாவது உங்களுக்கு குடிக்க பீர், முதல்தான் பாடம்.

ஈஸ்ட் எது போடுறதுன்னு கேட்டா நான் கண்ண மூடிக்கிட்டு க்வைக் வோஸ்-ன்னு சொல்வேன். நார்வே நாட்டுப் பண்ணை வீடுகள்ல தலைமுறை தலைமுறையா வச்சுக் காப்பாத்தின ஈஸ்ட் இது, 35 டிகிரியில சந்தோஷமா வேலை செய்யும், லேசா ஆரஞ்சுத் தோல் வாசம் விடும். சாதாரண ஏல் ஈஸ்ட் 18லேருந்து 22 டிகிரி கேக்கும், இங்க அதுக்கு ஏர்கான் போட்டோ தனி ஃபிரிட்ஜ் வச்சோ அழணும், சூட்டுல விட்டா மண்ணெண்ணெய் மாதிரி காரமா ஆயிடும். இங்க குழாய்த் தண்ணியே 28, 29 டிகிரி, அதுல சாற 20-க்கு குளிர வைக்கிறது நடக்காத காரியம், ஆனா 35-க்கு கொண்டுவர சிங்க்ல தண்ணி நிரப்பி ஐஸ் ஒரு பாக்கெட் போட்டு அண்டாவ உக்கார வச்சாப் போதும். தோசை மாவு நம்ம ஊர்ல எவ்வளவு வேகமா பொங்குதோ அந்த வேகத்த இந்த ஈஸ்ட் நமக்கு சாதகமாக்கிடுது. 11 கிராம் பாக்கெட்ல வாளிக்கு 3 கிராம் போதும், மிச்சத்த இறுக்கி மூடி ஃபிரிட்ஜ்ல வைங்க.

வாளிய எங்க வைக்கிறது? பாம் ஷெல்ட்டர் (கெட்டிச் சுவர் வச்ச பாதுகாப்பு அறை) இருக்கற வீடுன்னா அதுதான் நல்ல இடம், வெயில் படாது, சூடு ஏறி இறங்காது. கதவ மட்டும் முழுசா மூடிடாதீங்க, ஊறல் விடுற கார்பன் டை ஆக்சைடு வெளிய போகணும்.

அடுத்த நாலஞ்சு நாள்தான் விஸ்கி கத்துக்கிறதுல முக்கியமான நாட்கள், இத அவசரமா கடந்து போகாதீங்க. காலையும் மாலையும் சானிடைசர்ல நனைச்ச ஸ்பூனால ரெண்டு வாளியிலயும் கொஞ்சம் எடுத்து, மோந்து, ருசிச்சு, நேரத்தோட எழுதி வைங்க. முதல் நாள் ராத்திரி பிரெட், ஈர மாவு, இனிப்பு. நுரை மேல வரைக்கும் ஏறி வாளி பக்கம் போனாலே உஸ்ஸுன்னு சத்தம் கேக்கும். ரெண்டாம் நாள் இனிப்பு பாதிக்கு மேல போயிருக்கும், ஆரஞ்சு வாசம் எட்டிப் பாக்கும், கொஞ்சம் காரம். ஹைட்ரோமீட்டர் இறங்கறது நின்னதும் பீர்காரங்க முடிஞ்சதுன்னு சொல்லிடுவாங்க. விஸ்கிகாரனுக்கு அப்பத்தான் ஆரம்பம். ஈஸ்ட் சோந்து போனப்புறம் லாக்டோபேசிலஸ் தலை தூக்கும், லேசா மோர்ப் புளிப்பு வரும், அந்த அமிலம் ஆல்கஹாலோட சேந்து எஸ்டர் ஆகும், பழ வாசம் ஆழமாகும். ஸ்காட்லாந்துல 48 மணி நேரத்துல ஊறல முடிக்கிற டிஸ்டில்லரியும் இருக்கு, 100 மணி நேரம் வரைக்கும் விடுறதும் இருக்கு, ஸ்பிரிங்பேங்க் இப்படி நீட்டி விடுற ஆளு. சீக்கிரம் முடிச்சது தானியம், கடலைன்னு இருக்கும், நீட்டி விட்டது ஆப்பிள், அன்னாசி, மாம்பழம்னு போகும். இத ஒருத்தர் சொல்லிக் கேக்குறதுக்கும் கொதிக்க வைக்காத வாளியில மூணாம் நாளையும் அஞ்சாம் நாளையும் நீங்களே ருசிச்சுப் பாக்குறதுக்கும் அவ்வளவு வித்தியாசம் இருக்கு. அதுக்கப்புறம் ஒரு சிங்கிள் மால்ட் குடிக்கும்போது அந்தப் புளிப்பும் பழமும் எங்கருந்து வந்துச்சுன்னு உங்க நாக்குக்குத் தெரியும்.

சீழ், வாந்தி மாதிரி வாடை வந்தா, இல்ல மேல பஞ்சு மாதிரி பூசணம் பூத்தா யோசிக்காம கொட்டிடுங்க. லேசா அழுகின முட்டை மாதிரி கந்தக வாடை மட்டும்னா ரெண்டு நாள் விடுங்க, போயிடும்.

ஆல்கஹால் சதவீதக் கணக்கு: ஹைட்ரோமீட்டர் காட்டின ஆரம்ப அளவுலேருந்து முடிவு அளவக் கழிச்சு 131.25-ஆல பெருக்கணும். 1.058-ல ஆரம்பிச்சு 1.010-ல நின்னா 6.3 சதவீதம். கொதிக்க வைக்காத வாளி இதுக்கும் கீழ இறங்கும், டிஸ்டில்லரியில 1.000-க்கும் கீழ போயிடும், அதுக்குக் காரணம் சாகாம விட்ட அந்த என்சைம்தான்.

கொதிக்க வச்ச வாளிய, ரெண்டு நாள் தொடர்ந்து ஒரே அளவு காட்டினப்புறம், லிட்டருக்கு 6 கிராம் சர்க்கரை சேத்து பிளாஸ்டிக் சோடா பாட்டில்ல அடைச்சிடுங்க. பாட்டில் கல்லு மாதிரி இறுகினதும் ஃபிரிட்ஜுக்கு மாத்தணும். கொதிக்க வைக்காதத அடைக்கவே கூடாது, அது உள்ள தொடர்ந்து புளிச்சு பாட்டில வெடிக்க வைக்கும், மூடிய தளத்தி ஃபிரிட்ஜ்ல வச்சு சில நாள்ல காலி பண்ணிடுங்க. கூட்டாளிக்கு குடுக்குறதுன்னா வீட்டுக்கு கூப்பிட்டுக் குடுங்க, ராத்திரி பத்தரை மணியிலேருந்து காலை ஏழு வரைக்கும் பொது இடத்துல குடிக்கத் தடை, புளோக் கீழ இருக்கற திறந்த தளம், வாய்ட் டெக்கும் பொது இடம்தான். பிழிஞ்ச மால்ட்ட அன்னைக்கே ரெண்டு பை போட்டுக் கட்டி வீசுங்க, ஒரு நாள் விட்டா நாறும், ஒரு கைப்பிடி மட்டும் எடுத்து வச்சு சப்பாத்தி மாவுல பிசைஞ்சு பாருங்க, நல்லா இருக்கும்.

வடிக்கிற பகுதிக்கு வருவோம். பாட் ஸ்டில், அதாவது வடிக்கிற செம்புப் பானையில ரெண்டு தடவை வடிப்பாங்க, 8 சதவீத ஊறல் முதல் தடவை 20 சதவீதத்துக்கு மேல ஏறும், ரெண்டாவது தடவை வர்றதுல முதல்ல வர்ற தலையையும் கடைசியில வர்ற வாலையும் ஒதுக்கிட்டு நடுவ மட்டும் பீப்பாய்க்கு அனுப்புவாங்க. எங்க வெட்டுறதுங்கறதுதான் கைப்பக்குவம். கழுத்து நீளமான ஸ்டில்ல கனமான ஆவி ஏற முடியாம திரும்ப விழுந்துடும், அதனாலதான் கிளென்மோராஞ்சி விஸ்கி அவ்வளவு லேசா இருக்கு. இத நேர்ல பாக்கணும்னா இங்க அலெக்ஸாண்ட்ரா பக்கம் பிராஸ் லயன் டிஸ்டில்லரி இருக்கு, ஜின்தான் முக்கியம், ஆனா செம்பு ஸ்டில் எப்படி நடந்துக்குதுன்னு பாக்க போதும், ஜின் செய்யக் கத்துக் குடுக்கிற வகுப்பும் நடத்துறாங்க. அப்படி எங்க போனாலும் வெட்டு எப்படி முடிவு பண்றீங்க, மூக்காலயா மீட்டராலயான்னு கேளுங்க, அந்த ஒரு கேள்வியில நிறைய பேச்சு வரும். பெங்களூர் போற வழி இருந்தா அங்க அம்ருத் விஸ்கி எப்படி செய்யறாங்கன்னு தேடிப் படிச்சுட்டுப் போங்க. அங்க சூட்டுல பீப்பாய்லேருந்து வருஷத்துக்கு 10, 12 சதவீதம் ஆவியாப் போகுது, ஸ்காட்லாந்துல 2 சதவீதம்தான், அதனால நாலஞ்சு வருஷத்துலயே அது முதிர்ந்துடுது. தைவான்ல கவாலான் விஸ்கியும் அதே கதைதான். நம்ம சூட்டுல மரம் எப்படி வேலை செய்யும்னு புரிய இந்த ரெண்டு பாட்டிலும் போதும்.

மரத்த வீட்டுல பழக, மரப்பீப்பாய் பொம்மை மாதிரி ஒரு லிட்டர், ரெண்டு லிட்டர்ல விக்கிறாங்களே, அத நான் சொல்ல மாட்டேன், கொள்ளளவுக்கு மரம் ரொம்ப அதிகம், சில வாரத்துலயே கசந்துடும், இந்தச் சூட்டுல பாதி ஆவியாயிடும். பதிலா நடுத்தரமா வறுத்த அமெரிக்கன் ஓக் மரக் கட்டிகள் வாங்குங்க. விலை கம்மியான, வாசம் லேசான விஸ்கி ஒரு 700 மில்லி பாட்டில் எடுத்து அதுல 200 மில்லிய தனியா ஒரு சின்ன பாட்டில்ல எடுத்து வச்சிடுங்க, ஒப்பிட்டுப் பாக்க அது வேணும். மிச்சத்துல 4 கிராம் ஓக் போட்டு கண்ணாடி ஜாடியில மூடி வைங்க. முதல் வாரத்துலயே நிறம் ஏறும், வெனிலா வாசம் வரும், அமெரிக்கன் ஓக்ல தேங்கா வாசமும் தெரியும். வாரா வாரம் ஒரு சொட்டு ருசிங்க. நாக்கு ஓரம் இழுத்துப் பிடிக்கிற துவர்ப்பு தெரிஞ்ச அன்னைக்கே கட்டிய எடுத்துடணும், இன்னும் கொஞ்சம் விடலாம்னு தோணும், விடாதீங்க, துவர்ப்பு ஏறறது சுலபம், இறக்க முடியாது. மரத்துலேருந்து சாறு இறங்கறது மட்டும்தான் இப்படி வேகமா நடக்கும், காத்து மெல்ல உள்ள போய் காரத்த தணிக்கிறதுக்கு வருஷக் கணக்குல ஆகும், ஸ்காட்ச்சுக்கு ஓக் பீப்பாய்ல குறைஞ்சது 3 வருஷம்னு சட்டமே இருக்கு, அத ஜாடியில எதிர்பாக்காதீங்க.

காபி ஃபில்டர்ல வடிகட்டி, ரெண்டு வாரம் சும்மா விட்டு, அப்புறம் தனியா வச்ச 200 மில்லியோட பக்கத்துல பக்கத்துல ஊத்தி, கொஞ்சம் தண்ணி விட்டு மோந்து பாருங்க. அதே கட்டிய காயவிடாம உடனே ரெண்டு வாரம் ஷெர்ரி ஒயின்ல ஊறப் போட்டு இன்னொரு பாட்டிலுக்குப் போடலாம், ஓக் காரம் முதல் தடவையிலயே போயிருக்கும், அதனால இந்தத் தடவை ரெண்டு மடங்கு நாள் தாங்கும்.